மூன்றுக்குப் பூஜ்ஜியம்

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் தேசிய அணி.
ஆடியது முப்பத்தொன்பது, தோற்றது முப்பத்தாறு,
சமன் இரண்டு.
வென்றது என்ற கட்டத்தில் ஓர் ஒற்றை இலக்கம்.
தட்டச்சு செய்தவள் நான்தான்.
யாரை வென்றோம் என்று கேட்பார்கள்.
யாரையும் இல்லை.

அன்று வாகர் தீவின் ஓடுதளத்தை
மூடுபனி விழுங்கியிருந்தது.
அவர்கள் வந்த விமானம் தலைக்குமேல் மூன்றுமுறை சுற்றியது,
சத்தம் மட்டும் கேட்டது,
பிறகு அதுவும் பெர்கன் பக்கமாகப் போய்விட்டது.
நடுவர் முதல்நாளே கப்பலில் வந்திருந்தார்.
விதிகள் அவருக்கு மனப்பாடம்,
கடல்தான் அவர் வயிற்றை விட்டு இன்னும் இறங்கவில்லை.

பதினெட்டுத் தீவுகளிலிருந்து பொறுக்கியெடுத்த பையன்கள்
வரிசையில் நின்றார்கள்.
ஒரு தேசிய கீதம் ஒலித்தது.
அடுத்ததையும் போடலாமா என்று
ஒலிபெருக்கிக்காரர் கையால் கேட்டார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கைகுலுக்கும் நேரத்தில் கேப்டன் டிரோந்துர்
எதிரே இருந்த ஈரத்தைப் பிடித்துக் குலுக்கினான்.
பையன்கள் சிரித்தார்கள்.
முப்பது நிமிடம் கழித்து நடுவர் விசில் ஊதினார்.
மூன்று கோல் எங்கள் கணக்கில்.

நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.
எட்டு கோல் வாங்கிய பின் எப்படி நடந்து வெளியேறுவது,
கைதட்டும் பெற்றோரை நோக்கி
எவ்வளவு உயரத்துக்குக் கையைத் தூக்குவது,
பேருந்தில் யார் முதலில் வாய்திறப்பது,
எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.
இதற்குத்தான் பழக்கமில்லை.

ரோயி பந்தை நடுவட்டத்தில் வைத்தான்.
எங்கள் ஊரில் பெனால்டி அடிக்க
ஒருவன் குப்புறப் படுத்து
விரல் நுனியால் பந்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்,
அப்படி ஒரு காற்று.
அன்று ஒரு புல்கூட அசையவில்லை.
உதைத்துக்கொண்டு ஓடினான். பத்தடியில் காணாமல் போனான்.
அவன் பின்னால் ஹானுஸ், அவன் பின்னால் எல்லோரும்.
கம்பத்தில் ஏதோ மோதியது.
கோல் என்று ஒரு குரல்,
கொஞ்சம் தள்ளி இன்னொன்று,
யாரோ வழுக்கி விழுந்து சிரித்தது.
ஆட்டுக்கும் வேலிக்கும் வித்தியாசம் தெரியாத வெள்ளையில்
அரைமணி நேரம் ஆடினார்கள்.

எங்கள் கோல் வாயிலில் எய்தூன் தனியாக நின்றான்,
அவனை யாரும் கூப்பிடவில்லை.
பின்னர் உடைமாற்றும் அறையில்
கையுறையைக் கழற்றாமலே சொன்னான்:
ஒரு பந்து வந்தது, தட்டி மேலே அனுப்பினேன்.
யார் அடித்தது?
முகம் தெரியவில்லை. இடது கால்.
எங்கள் அணியில் இடதுகாலன் ஒருவனும் இல்லை.
அந்த வாரம் முழுக்க அவனைக் கேலி செய்தார்கள்.

கோல் அடித்தவர், நிமிடம் என்று
படிவத்தில் மூன்று வரி இருந்தது.
மூன்றிலும் கோடு இழுத்தேன்.
இருபத்திரண்டு வருடமாக
அந்தக் கோடுகளைக் கேட்டு வருகிறார்கள்.
மகளின் கிளப் சந்தாவைக் கட்ட வந்த ஹானுஸ்
முதலாவது என்னுடையது என்றான், மீன்பண்ணை வாசனையோடு.
ரோயி இரண்டு கேட்டான்.
இதுவரை மூன்று கோலுக்கு ஐந்து சொந்தக்காரர்கள்.

போன மாதம் ஆர்ஹூஸிலிருந்து டிரோந்துர் எழுதியிருந்தான்.
கூரை வேய்கிற வேலை.
உடன் ஏணி பிடிப்பவன் பெயர் ராய்வோ,
அந்த விமானத்தில் இருந்தவன்.
பூட்ஸைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தானாம்,
தரையிறங்கியதும் நேரே மைதானம் என்று சொல்லியிருந்தார்களாம்.
ஜன்னலில் பால் மாதிரி வெள்ளை.
மூன்றாவது சுற்றில் அவன் கால் தானாகத் துள்ளி
முன்இருக்கையை உதைத்துவிட்டது,
அங்கிருந்த பயிற்சியாளர் திட்டினாராம்.
எந்தக் கால் என்று கேட்டேன்,
என்று எழுதி அடுத்த பக்கம் பார் என்று போட்டிருந்தான்.
அடுத்த பக்கத்தில் ஒரே சொல்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்.
தடுத்தவை என்று அதில் ஒரு கட்டம் கிடையாது.
எய்தூன் இப்போது சாந்தோய் படகில் டிக்கெட் கிழிக்கிறான்.
தொலைபேசியில் சொன்னேன்.
இன்ஜின் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.
பிறகு,
நல்ல ஷாட்தான், என்றான்.